கை ஏறிய பூட்டு

"கழட்டறதுன்னா கழட்டுயா. அத்த இன்னாத்துக்குத் தடவிகினு நிக்கிற?" என்றாள் லோகநாயகி.

பூபாலன் வாயில் திருப்புளியைக் கவ்வியிருந்தான். பின்கட்டு அறைக் கதவில் மாட்டியிருந்த மரப் பூட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி, அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முழ உயரத்தில் ஒரு பொம்பளை உருவம் அது. நீண்ட முகம், கூம்பு மார்பு, கால் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பலகை. வயிற்றுக்குக் குறுக்கே ஒரு கட்டை ஓடி நிலைச்சட்டத் துளைக்குள் நுழையும். அதுதான் தாழ்ப்பாள்.

செதுக்கியவன் பூபாலன்தான். பாடி மேம்பாலத்துக்குப் பின்னால் ஹேமநாதனின் பட்டறையில் அவனுக்கு வேலை. ஆப்பிரிக்காவில் மாலி என்று ஒரு நாடு இருக்கிறதாம். அங்கே பமனா, டோகோன் என்று சனங்கள். அவர்கள் வீட்டுக்கும் தானியக் குதிருக்கும் போடுகிற பூட்டைப் படத்தில் பார்த்து, அதே மாதிரி செதுக்கி வெளிநாட்டுக்கு ஏற்றுகிற பட்டறை. வாங்குகிறவன் சுவரில் அழகுக்கு மாட்டுவான். ஆனால் புதுசு போல இருந்தால் தொடமாட்டான். தேயிலைச் சாயம், புகை, வேப்பெண்ணெய் என்று என்ன பூசினாலும் மரம் மினுக்கிக்கொண்டு நிற்கும். "அதெல்லாம் ஒப்பனை. கை ஏறணும்டா, கை" என்பார் ஹேமநாதன். அதனால் பட்டறையில் ஒரு வழக்கம். ஆளுக்கு ஒரு பூட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கதவில் மாட்டவேண்டும். ஒன்றரை வருஷம் குடும்பமே புழங்கவேண்டும். அப்புறம் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

கொண்டுவந்த அன்றைக்கு லோகநாயகி வாசலிலேயே மறித்தாள்.

"இன்னாயா இது, மானங்கெட்டு நிக்குது? வயசுப் பொண்ணு கீற ஊடு."

"ஆப்பிரிக்கா பூட்டு, மே. அந்த ஊர்ல அப்டித்தான்."

மகள் பவ்யா சிரித்தாள். ஆவடியில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிற பெண், இருபத்துமூன்று வயசு. "அம்மா, வேணும்னா ஒரு தாவணி சுத்தி உட்ரலாமா? பாவம், ஆப்பிரிக்கா அக்காவுக்குக் குளுருது."

அன்றிலிருந்து அதற்கு ஆப்பிரிக்கா அக்கா என்றே பேர். ஆயுத பூஜை வந்தது. வண்டிக்கும் அரிவாள்மனைக்கும் வைத்த கையோடு லோகநாயகி பூட்டின் நெற்றியிலும் சந்தனம் குழைத்து வைத்து, நடுவில் குங்குமம் இட்டாள். வேவு பார்க்க வந்த ஹேமநாதன் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, ஆப்பிரிக்காவுல ஏதும்மா குங்குமம்? நோண்டி எடு, நோண்டி எடு!"

"எடுத்துர்றேன் சார். ஆனா பாருங்க, இப்பத்தான் மூஞ்சில ஒரு களையே வந்துகீது."

அப்படியெல்லாம் சிரித்த வீடுதான்.

பட்டறையில் எல்லோரும் உள்ளே பொள்ளலாகச் செதுக்கித் தள்ளுவார்கள். பூபாலன் மட்டும் பிடிவாதக்காரன். உருவத்தின் நெஞ்சுக்குள் மூன்று இரும்பு ஆணிகளைத் தொங்கவிட்டிருந்தான். கட்டையை உள்ளே தள்ளினால் ஆணிகள் தாமாகவே டக் டக் டக்கென்று கட்டையின் குழிகளில் விழுந்து கவ்விக்கொள்ளும். சாவி என்பது மூன்று பல் வைத்த ஒரு மரத்துண்டு. கட்டையின் முனையில் இருக்கும் பொந்துக்குள் விட்டு மேலே தூக்கினால் ஆணிகள் எழும்பும், கட்டையை இழுத்துவிடலாம். "சொவுத்துல தொங்கப் போற சாமானுக்கு ஆணி எதுக்குடா?" என்று ஹேமநாதன் கேட்டதற்கு, "பூட்டுன்னா பூட்டணும் சார்" என்றானாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பூட்டைத் திருப்பிக் கொடுக்கும் நாள். மறுநாள் கன்டெய்னர் ஏறுகிறது.

பூபாலன் முதல் திருகாணியைக் கழற்றினான். "லோகு, அவுங்களும் இன்னிக்குத்தான் கெளம்பறாங்க."

"எவுங்க?"

"தெரியாத மாதிரி கேக்காத. ஆனந்தன ஓசூர் குடோனுக்கு மாத்திட்டாங்க. சாமான் ஏத்திகினு மூணு மணிக்கு வண்டி."

"நல்லா போவட்டும்."

"பவ்யா நேத்து போன்ல இன்னா சொல்லிச்சி தெரியுமா? 'அம்மா வந்து நின்னு அனுப்பி வெச்சா தீவாளி, பொங்கலுக்கு வருவேன் நைனா. வரலன்னா அந்த ஊட்டு வாசல இனிமே மிதிக்க மாட்டேன்'னு சொல்லிச்சி. நீ நசரத்பேட்டைக்கு ஒரு எட்டு போய் நின்னா போதும்."

"பூட்ட நெம்பிகினு ஓடினவள நா போய் வழியனுப்பணுமா? அவ வந்து என் வாசல்ல நிக்கட்டும். அப்பால பேசலாம்."

ஐந்து மாசமாக இதே பேச்சு. ஆனந்தன் நசரத்பேட்டை குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். நல்ல பையன் என்றுதான் பூபாலன் விசாரித்துவிட்டு வந்து சொன்னான். ஆனால் அவர்கள் சனம் வேறு. லோகநாயகி பேசிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், கடைசியில் பவ்யாவின் போனைப் பிடுங்கிக்கொண்டு அவளைப் பின்கட்டு அறைக்குள் தள்ளி ஆப்பிரிக்கா அக்காவின் கட்டையைத் தள்ளினாள். வாடகைக்கு விடலாம் என்று கட்டிய அறை. உள்ளேயே பாத்ரூம் இருந்தது. சோறு ஜன்னல் கம்பி வழியாகப் போனது. சாவி லோகநாயகியின் இடுப்பில்.

அவள் கொடுமைக்காரி இல்லை. பெண் ஒரு தரம், ஒரே ஒரு தரம், "அம்மா, தொறம்மா" என்று கேட்டால் போதும் என்றுதான் காத்திருந்தாள். கேட்டால் மனசு இளகிவிடும் என்று அவளுக்கே தெரியும். பவ்யா கேட்கவில்லை. தட்டை வாங்குவாள், கழுவித் திருப்பித் தருவாள். எவ்வளவு திமிர் என்று இவளுக்குக் கோபம் ஏறியது. பதினோராம் நாள் சாயங்காலம் தொழிற்பேட்டை கேன்டீனில் வேலை முடிந்து திரும்பினால் கதவு ஆவென்று கிடக்கிறது, கட்டை தரையில். அந்தப் பையன் வந்து நெம்பித் திறந்திருக்கிறான் என்று லோகநாயகி தெருவில் இறங்கி மண்ணை வாரித் தூற்றினாள். கள்ளிக்குப்பமே வேடிக்கை பார்த்தது.

நாலாவது திருகாணியும் வந்தது. பூபாலன் பூட்டைக் கதவிலிருந்து எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தான். பொந்துக்குள்ளிருந்து என்னவோ உதிர்ந்தது. ரோஸ் நிறத்தில், அரிசிக் குருணை போல.

"இன்னாயா அது?"

அவன் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தான். குருணைக்கு நடுவே முழுசாக ஒரு பல். சீப்பின் பல்.

"நெம்பல லோகு," என்றான் மெல்ல. "ஒடைக்கவும் இல்ல. அவளோட ரோஸ் சீப்பு. மூணு பல்ல மட்டும் உட்டுட்டு மிச்சத்த ஒடச்சிகீறா. பழைய தாழ்ப்பாள எடுத்த ஓட்ட கதவுல அப்டியேதான கீது, அதுல கைய வெளிய உட்டுத் தொறந்துகீறா."

"சீப்பால தொறக்குமா?"

"நா பண்ண பூட்டாச்சே. பல்லு சரியா இருந்தா எதாலயும் தொறக்கும். அவளுக்கும் தெரியும். நா ஆணி மாட்டும்போது பக்கத்துல குந்திகினு அளவு சொன்னதே அவதான்."

லோகநாயகிக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்டின்னா உனக்கு அன்னிக்கே தெரியுமா, அவ நெனச்சா தொறக்கலாம்னு?"

"தெரியும்."

"தெரிஞ்சிகினா கம்முனு இருந்த?"

"தெரிஞ்சதாலதான் கம்முனு இருந்தேன். போவணும்னா போயிடுவா, இருக்கணும்னா இருப்பான்னு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா நீ இரும்புப் பூட்டு போட்டிருப்ப."

பூபாலன் கட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பொந்துக்குள் விரலை விட்டுத் தடவினான். நெற்றி சுருங்கியது.

"இன்னாயா?"

"இல்ல... ஒரு தபா தொறந்தா இவ்ளோ பொடி விழாது. இதோ பாரு, கொடஞ்ச ஓரம் வழவழன்னு கீது. தெனம் தொறந்தாப்ல கீது லோகு."

"தெனம் தொறக்கறவ எதுக்கு பதினோரு நாளு உள்ள கெடப்பா? பேத்தாத."

"அத்தான் எனக்கும் புரியல." அவன் பூட்டைப் பழைய லுங்கியில் சுற்றி வண்டியில் கட்டினான். "செவுத்துக்கு அந்தாண்ட ஊட்டுல சபீனா கீது. பகல்ல ஊட்டோட இருக்கிற பொண்ணு. கேட்டுப் பாரு."

வண்டி தெருமுனை திரும்பும்வரை லோகநாயகி பார்த்துக்கொண்டு நின்றாள்.

சபீனா மிஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். லோகநாயகி நடையில் நின்று, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"சபீனா, என் பொண்ணு அந்தப் பதினோரு நாள்ல வெளிய வந்தாளா?"

மிஷின் நின்றது. சபீனா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சொல்லு."

"அவ சத்தியம் வாங்கிகினாக்கா."

"அஞ்சு மாசம் ஆயிடுச்சி. இன்னிக்கு அவ ஊர உட்டே போறா. சொல்லு."

"முதல்ல குந்து." சபீனா முக்காலியை இழுத்துப் போட்டாள். "தெனம் வருவா. நீ காலைல எட்டு மணிக்குப் போனா, ஒம்பது மணிக்கு டக்குனு சத்தம் கேக்கும். இதோ, இந்த முக்காலிலதான் குந்துவா. டீ குடிப்பா. எனக்கு ஊக்கு தெச்சிக் குடுப்பா. மூணரை ஆனா எழுந்திருவா. 'அம்மா வர நேரம்க்கா'ன்னு போய் உள்ள பூந்து, ஓட்டையால கைய உட்டுக் கட்டைய இழுத்து உட்டுக்குவா. டக் டக் டக்னு வுழும்."

"எதுக்குடி? வெளிய வந்தவ எதுக்கு மறுபடியும் உள்ள போனா?"

"நானும் அத்தான் கேட்டேன். 'போடி, அந்தப் பையன் காத்துகினு கீறான், போய்ச் சேரு'ன்னேன். அவ இன்னா சொன்னா தெரியுமா? 'நானா தொறந்துகினு போனா ஓடிப்போனவக்கா. அம்மா தொறந்து உட்டா கட்டிக்கினு போறவ. அம்மா தொறக்கட்டும்'னா. அந்தப் பூட்டு ஊர்ல கல்யாணப் பொண்ணுக்குப் பூட்டு குடுப்பாங்களாமே. 'எங்கம்மாவுக்குக் குடுக்கத் தெரியாது, ஆனா தொறக்கத் தெரியும்'னு சொல்லி சிரிச்சாக்கா."

லோகநாயகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அப்பறம் ஏன் போனா?"

சபீனா துணியை மடித்தாள். மடித்ததைப் பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"கடைசி நாளு காலைல நீ சாவிய போட்டியாக்கா?"

போட்டாள். ஞாபகம் இருந்தது. வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தால் கட்டை ஒரு விரக்கடை வெளியே துருத்திக்கொண்டிருந்தது. சரியாக விழவில்லையோ என்று சாவியைப் பொந்தில் விட்டு ஆணிகளைத் தூக்கினாள். கட்டையை நன்றாக உள்ளே தள்ளினாள். ஆணிகள் விழுந்தன. ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

"முந்தின நாளு அவசரத்துல அவதான் கட்டைய சரியா இழுத்து உடல," என்றாள் சபீனா. "காலைல சாவி பூந்த சத்தம் கேட்டு எழுந்து நின்னுட்டாளாம். மூணு ஆணியும் மேல போச்சாம். 'அம்மா தொறக்கறாக்கா, நா பொடவ மடிப்ப சரி பண்ணிகினு நின்னேன்'னா. அப்பால டக் டக் டக்."

மிஷின் மேல் ஓர் ஈ உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது.

"அன்னிக்கு ஒம்பது மணிக்கு வந்தவ குந்தவே இல்ல. டீயும் வேணான்னா. நின்னுகினே இத்த சொல்லிட்டு 'வரேன்க்கா'ன்னு கெளம்பிட்டா."

"ஏன் எங்கிட்ட சொல்லல நீ?"

"எப்டிக்கா சொல்லுவேன்? நீ தெருவுல நின்னு மண்ண வாரி வுட்டுகினு இருந்த. 'நாசமா போவட்டும்'ன. அந்த வாய்க்கு எதிர்ல நா எத்த சொல்றது?"

வீட்டுக்கு வந்த லோகநாயகி பின்கட்டு அறையில் போய் உட்கார்ந்தாள். கதவில் பூட்டு இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. நீண்ட முகம், கூம்பு மார்பு, எல்லாம் அச்சாக. அவள் எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கடிகாரம் பார்த்தபோது ஒன்றே முக்கால். அப்போதுதான் மூணு மணி வண்டி நினைவுக்கு வந்தது.

சேலைகூட மாற்றவில்லை. அலமாரியில் பவ்யாவின் கல்யாணத்துக்கென்று எப்போதோ வாங்கி வைத்த பச்சைப் புடவையைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினாள். ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் ஏறிய பஸ் ஆவடி தாண்டியதும் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நின்றேவிட்டது. முன்னால் ஒரு லாரி குறுக்கே நிற்கிறதாம். பவ்யாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. இன்னொரு தரம் போட்டாள்.

"இன்னா கண்டக்டரே, நடந்து போனா சீக்கிரம் போலாமா?"

"தாராளமா போம்மா. பூந்தமல்லில டீ சொல்லி வெய்யி, நாங்க பின்னாடியே வரோம்."

யாரோ சிரித்தார்கள். லோகநாயகி பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

பூந்தமல்லியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து நசரத்பேட்டையில் பூபாலன் எப்போதோ சொன்ன சந்து எதுவென்று தேடிக் கண்டுபிடித்தபோது மணி நாலைத் தாண்டியிருந்தது. மாடிப் படிக்குக் கீழே ஓர் அறை. கதவு திறந்திருந்தது. உள்ளே ஒருத்தி பெருக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரம்மா நாகவல்லி.

"யாரும்மா?"

"பவ்யா..."

"அவங்க காலி பண்ணிட்டாங்களே. நீங்க?"

"அவ அம்மா."

நாகவல்லி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். ஏற இறங்கப் பார்த்தாள். "மூணு மணிக்கே சாமான் ஏத்தி முடிஞ்சிதும்மா. வண்டிக்காரன் கத்தறான், இந்தப் பொண்ணு ஏற மாட்டேங்குது. சந்து முனைக்குப் போய்ப் போய்ப் பாத்துட்டு வந்துச்சி. 'இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்'ங்குது. அந்தப் பையன் ஒண்ணியும் சொல்லல, பாவம், கூடவே நின்னான். மூணரைக்கு அதுவே ஏறிடுச்சி."

"மூணரையா?"

"ஆமா. டக்குனு ஏறி உக்காந்துடுச்சி."

லோகநாயகி சந்து முனையில் வந்து நின்றாள். பெங்களூர் ரோட்டில் கன்டெய்னர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. போன் அடித்தது. பவ்யா.

"அம்மா? போன் போட்டிருந்தியா? பையில கெடந்துச்சி."

"எங்க கீற?"

"ஸ்ரீபெரும்பத்தூர் தாண்டிட்டோம். நீ எங்க கீற, ஒரே வண்டிச் சத்தமா கீது?"

லோகநாயகி சொல்லவில்லை. தொண்டைக்குள் ஒரு வார்த்தை தயாராக நின்றது. அன்னிக்கு நா தொறக்கத்தான் வந்தேன் கண்ணு, பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சின்னு விட்டுட்டேன். சொன்னால் பெண் நம்புவாள். நம்பிவிட்டால் வண்டியைத் திருப்பினாலும் திருப்புவாள். மூன்று ஆணியும் மேலே போன சத்தத்தை அவளே காதால் கேட்டவள்தானே.

"பவ்யா."

"சொல்லும்மா."

"அன்னிக்குக் காலைல நா தொறக்க வரல. கட்ட வெளிய வந்து கீதேன்னு சரியா பூட்டத்தான் சாவி போட்டேன்."



"தெரியும்மா," என்றாள் பவ்யா.

"நீ தெனம் வெளிய வந்தது இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்."

"சபீனாக்கா சொல்லிட்டாங்களா? ...சரி. சாப்டியாம்மா?"

"சாப்டேன்."

"போன்ல சார்ஜு இல்ல. வெக்கறேன்."

"தீவாளிக்கு..." என்று ஆரம்பித்தாள் லோகநாயகி. போன் அதற்குள் அணைந்துபோயிருந்தது. சார்ஜ் தீர்ந்ததா, வைத்துவிட்டாளா என்று தெரியவில்லை. திரும்பப் போட்டுப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். பூபாலன் முன்னாலேயே வந்திருந்தான். அவள் கையிலிருந்த பையையும், அதில் பிதுங்கிய பச்சைப் புடவையையும் பார்த்தான். டீ போட்டு நீட்டினான். பின்கட்டுக் கதவு பூட்டில்லாமல் காற்றுக்கு அடித்து அடித்துத் திறந்தது.

"பூட்டு குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன். ஸ்ரீகாந்த் தம்பி லென்ஸ் வெச்சிப் பாத்துச்சி. ஹேமநாதன் சார் பையன், படிச்ச புள்ள. வெளிய ஏறின கைய எவன் வேணா செய்வான்னு சொல்லிச்சி. ஆனா சாவிப் பொந்துக்குள்ள கீது பாரு அந்தத் தேய்மானம், அத்த செய்யவே முடியாதாம். வெளிநாட்டுக்காரன் பாத்தா உட மாட்டானாம்." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இன்னும் நாலு அதே மாதிரி வேணுமாம். உள்ள தேஞ்சது. ஒண்ணு நம்மூட்டுக் கதவுல மாட்டச் சொன்னாங்க. எவ்ளோ நாளு ஆவும்னு கேட்டாங்க. ரெண்டு வருசம்னு சொல்லி வெச்சிகீறேன்."

லோகநாயகி டீயைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு வருசம் எதுக்கு? பதினோரு நாளு போதும்னு சொல்லு."

பூபாலன் எழுந்து போய் அடித்துக்கொண்டிருந்த கதவைச் சாத்தப் பார்த்தான். தாழ்ப்பாள் இல்லாத கதவு நிற்கவில்லை. ஒரு செங்கல்லை எடுத்து முட்டுக்கொடுக்கக் குனிந்தான்.

"வேணாய்யா," என்றாள் லோகநாயகி. "தொறந்தே கெடக்கட்டும்."